போய் வருகிறேன்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

வெளிநாட்டுப் பயணம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது ஆகாய விமானம். கட்டணம் செலுத்தினால் போதும், ஏறி அமர்ந்துவிடலாம் என்று எண்ணுகிறோம். ஆனால் விமானத்தின் படிகளில் கால் வைக்கும் முன் ஏற வேண்டிய படிகள் வேறு பல உள்ளன. அவை தாளால் ஆனவை. அந்தத் தாள்களைப் பற்றியே இக்கட்டுரையில் காண்போம்.

எல்லா நாடுகளின் விதிகளையும் எழுதப் புகுந்தால் இந்த ஆண்டு மலர் முழுவதும் போதாது. ஆகவே ஐரோப்பாவில் ஷெங்கன் நாடுகள் எனப்படுபவற்றுக்கு, உறவினரைப் பார்க்கவோ ஊரைப் பார்க்கவோ, சில வாரங்கள் சென்று வரும் இந்தியர் ஒருவருக்கு வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் ஆச்சி இவ்வாறு சென்று வந்தவர். அவருடைய தாள்களைத் தொகுக்கும் வேலையில் நாங்களும் சிறிது கைகொடுத்தோம். அதனால் இவ்விஷயம் எங்களுக்குப் பழக்கமாயிற்று.

பாஸ்போர்ட் வேறு, விசா வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் இன்றும் உண்டு. பாஸ்போர்ட் எனும் கடவுச் சீட்டு நம் நாட்டு அரசு நமக்குத் தருவது. இவர் எம் குடிமக்களுள் ஒருவர் என்று நம் அரசு உலகுக்குச் சொல்லும் சொல் அது. விசா என்பது நாம் போகவிருக்கும் நாடு தருவது. இவர் எம் வாசலுக்கு வரலாம் என்று அந்நாடு சொல்லும் சொல் அது. வாசலுக்கு வரலாம் என்றுதான் கூறினோம், வீட்டுக்குள் வரலாம் என்று கூறவில்லை. இந்த வேறுபாட்டைப் பின்னர்க் காண்போம்.

இந்த ஏற்பாடு தொன்றுதொட்டு வந்ததன்று. 1914ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூளும்வரை ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மக்கள் கடவுச் சீட்டு இன்றியே நாடு விட்டு நாடு சென்று வந்தனர். போர் வந்தது, ஒற்றர் பயம் வந்தது, சோதனையும் வந்தது. போர் முடிந்த பின்னும் சோதனை போகவில்லை. 1920இல் பாரிஸ் நகரில் சர்வதேச சங்கம் கூட்டிய மாநாடு, கடவுச் சீட்டுப் புத்தகம் எல்லா நாடுகளிலும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும் என வகுத்தது. இன்றும் நாம் நேபாளத்துக்குச் செல்ல விசா வேண்டாம். கடவுச் சீட்டும் வேண்டாம். வாக்காளர் அடையாள அட்டை போதும். அமெரிக்கரும் ஜப்பானியரும் ஷெங்கன் நாடுகளுக்கு 90 நாட்கள் வரை விசா இன்றியே செல்கின்றனர். நமக்கோ விசா கட்டாயம். ஆகவே யாருக்குக் கதவு, யாருக்குத் திறந்த வெளி என்பது நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடே அன்றி இயற்கை விதி அன்று. ஐரோப்பியர் நம் நாட்டுக்கு வருவதற்கும் விசா பெற்றே தீர வேண்டும் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறோம்.

கடவுச் சீட்டைப் பற்றி நம் வகுப்பினருக்கு மட்டும் ஒரு செய்தி. நாம் எழுதப் போகும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. வளைகுடா நாடுகள் முதலிய சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரின் கடவுச் சீட்டை அரசு தனியே சோதித்து இசைவு தரும். படிப்பறிவு குறைந்தோரை இடைத்தரகர் ஏமாற்றாமல் காப்பதே அதன் நோக்கம். பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு அந்தச் சோதனை இல்லை. கணிதத்தைக் கண்டு அஞ்சும் தோழியர் இதை நினைவில் கொள்க!

ஷெங்கன் என்பது ஒரு சிற்றூர்

ஷெங்கன் என்ற பெயரைக் கேட்டால் பெரிய நகரம் என்று தோன்றும். உண்மையில் அது லக்சம்பர்க் நாட்டில், மோசெல் ஆற்றங்கரையில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிற்றூர். பிரான்சு, ஜெர்மனி, லக்சம்பர்க் ஆகிய மூன்று நாடுகளும் அவ்வூருக்கு அருகே ஆற்றில் சந்திக்கின்றன. 1985 ஜூன் 14ஆம் நாள் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், பிரான்சு, மேற்கு ஜெர்மனி ஆகிய ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் அங்கே ஒரு கப்பலில் கூடி ஒப்பந்தம் செய்தனர். தம் நாடுகளுக்கு இடையே உள்ள எல்லைச் சோதனையைச் சிறிது சிறிதாக நீக்கிவிடுவது என்பதே ஒப்பந்தம். 1995 மார்ச் 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்தபோது நாடுகளின் எண்ணிக்கை 29 ஆயிற்று. அயர்லாந்து இதில் இல்லை. பிரிட்டன் இதில் ஒருபோதும் இருந்ததில்லை. இலண்டனுக்குத் தனி விசா. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராதவை. ஆயினும் ஷெங்கனில் உண்டு. வரைபடத்தில் இவற்றை நிறம் தீட்டிப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

உள்ளே சோதனை இல்லை என்பதால் வெளி வாசலில் சோதனை மிகுதி. ஒரு நாட்டின் வாசலில் நுழைந்தவர் மற்ற 28 நாடுகளுக்கும் போகலாம் அல்லவா? எனவே ஒரு நாடு விசா தருவது மற்ற நாடுகளின் சார்பிலும் தருவதாகும். அவர்கள் ஏன் இத்தனை தாள் கேட்கிறார்கள் என்பதற்கு இது ஒரு காரணம்.

வத்திக்கானுக்கு விசா எங்கே வாங்குவது என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. 44 ஹெக்டேர் பரப்பே உள்ள அந்த நாடு உரோமை நகரின் நடுவில் இருக்கிறது. புனித பேதுரு சதுக்கத்துக்குச் செல்வோரிடம் யாரும் கடவுச் சீட்டில் முத்திரை குத்துவதில்லை. ஆனால் அங்கே போக இத்தாலி வழியாகத்தானே போக வேண்டும்? ஆகவே ஷெங்கன் விசாவே அதற்கும் வழி. நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் 2022 மே 15ஆம் நாள் புனிதராக அறிவிக்கப்பட்ட விழாவுக்கு நம் நாட்டிலிருந்து போவதற்கும் இதே வழிதான்.

எங்கே, எப்போது, எவ்வளவு

பல நாடுகளைச் சுற்றிப் பார்ப்பவர் எந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்? அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம். எல்லா நாட்டிலும் சம நாட்கள் என்றால் முதலில் கால் வைக்கும் நாட்டிடம். ஜெர்மனியில் பத்து நாளும் இத்தாலியில் மூன்று நாளும் தங்குபவர், விரைவில் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இத்தாலியிடம் விண்ணப்பித்தால் அங்கே ஏற்க மாட்டார்கள்.

பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாட்கள். ஐயம் வந்தால் 45 நாட்கள் வரை எடுத்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் மாதம் முதல் 90 யூரோ. அதை அன்றைய மாற்று விலைப்படி ரூபாயில் கட்ட வேண்டும். விண்ணப்பம் பெறும் நிலையத்தார் தம் கூலியைத் தனியே வாங்குவர். விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பி வராது. எளிய குடும்பத்துக்கு இது சிறு தொகை அன்று.

கைரேகை கொடுக்க ஒருமுறை நேரில் சென்றாக வேண்டும். ஆச்சிக்கு அது சென்னையில். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து, எழும்பூரில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு போனார்கள். பத்து விரல்களின் ரேகையையும் கருவி பதிவு செய்யும். ஆச்சி இளமையில் ஆண்டுக் கணக்கில் பீடி சுற்றியவர். விரல் நுனிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. கருவி இருமுறை ஏற்கவில்லை. ஈரத் துணியால் துடைத்து மூன்றாம் முறை வைத்தபோதுதான் ஏற்றதாம். (உழைத்தவர் கைக்கு எங்கேயும் ஒரு தொல்லைதான்!) ரேகை எடுக்கவே முடியாத நிலையில் உள்ளோர்க்கு விதியில் விலக்கு உண்டு. ஆதலால் வயதானவர்கள் இதை எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை.

கேட்கப்படும் தாள்கள்

கடவுச் சீட்டு பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். அதில் இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். புகைப்படம் 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம். போகவும் வரவும் விமானப் பதிவு. தங்கும் இடத்துக்குச் சான்று. செலவுக்குப் பணம் உண்டு என்பதற்கு வங்கிக் கணக்கு. உறவினர் வீட்டில் தங்குவதானால் அவர்களுடைய அழைப்பு வேண்டும். இதில் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும். பிரான்சில் அழைப்பவர் தம் நகர மன்றத்தில் வரவேற்புச் சான்று வாங்கி அனுப்புகிறார். ஜெர்மனியில் அழைப்பவர் அயல்நாட்டார் அலுவலகத்துக்குச் சென்று, விருந்தினரின் செலவு என் பொறுப்பு என்று கையெழுத்திட்டுத் தருவதுண்டு.

இவற்றோடு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் செல்ல வேண்டும். அவசர மருத்துவம், மருத்துவமனைச் செலவு இவற்றோடு, அங்கே இறக்க நேர்ந்தால் உடலைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்கும். இதைப் படித்துச் சொன்னபோது ஆச்சி சிரித்தார். "பரவாயில்லையே, செத்தாலும் திருப்பி அனுப்பிருவாங்க போலிருக்கே" என்றார்.

18 வயது நிரம்பாத நம் போன்றோர்க்குத் தாய் தந்தை இருவரின் ஒப்புதலும் வேண்டும். ஒருவர் மட்டும் உடன் வந்தால் மற்றவர் எழுதித் தர வேண்டும். குழந்தையை ஒருவர் அறியாமல் ஒருவர் கொண்டு போய்விடாதிருக்கவே இந்த விதி.

இத்தனை தாளும் மூன்றே கேள்விகளுக்கு விடை. நீ யார்? அங்கே எப்படி வாழ்வாய்? திரும்பி வருவாயா? முதலிரண்டுக்கும் விடை எளிது. மூன்றாவதுதான் கடினம். நாளை நடக்கப் போவதற்கு இன்றே எப்படிச் சான்று தருவது? நம் வீடுகளில் யாரும் புறப்படும்போது "போகிறேன்" என்று சொல்ல மாட்டோம். சொன்னால் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். "போய் வருகிறேன்" என்றே சொல்வோம். விசா அதிகாரி கேட்பதும் இந்தச் சொல்லைத்தான். ஆனால் வாய்ச்சொல்லாக வேண்டாம், தாளில் காட்டு என்கிறார்.

ஆச்சியின் தாள்கள்

எங்கள் தோழியின் தாயும் தந்தையும் குவைத்தில் வேலை செய்கிறார்கள். அவள் நான்காம் வகுப்பு முதல் ஆச்சி வீட்டில் வளர்கிறாள். அவளுடைய சித்தி ஐரோப்பாவில் ஒரு நாட்டில் தாதியாகப் பணிபுரிகிறார். சித்திக்குத் தலைப்பிரசவம். தாய் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எந்த மகள்தான் விரும்ப மாட்டாள்? அழைப்பு வந்தது. சித்தியின் சம்பளச் சான்று, சித்தப்பாவின் சம்பளச் சான்று, வீட்டு வாடகைப் பத்திரம், காப்பீடு எல்லாம் குறையின்றி வந்தன. விண்ணப்பம் கொடுத்தார்கள். பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மறுப்பு வந்தது.

மறுப்பு என்பது ஒரு அச்சடித்த தாள். காரணங்கள் அதில் வரிசையாக இருக்கும். பொருந்தும் கட்டத்தில் குறி இடுவார்கள். ஆச்சியின் தாளில், விசா முடியும் முன் அவர் நாட்டைவிட்டு வெளியேறுவார் என்பதில் நியாயமான ஐயம் உண்டு என்ற கட்டத்தில் குறி இருந்தது. ஆச்சிக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அவருக்குக் கோபத்தைவிட வியப்பே அதிகம். "ஏட்டி, நான் இங்க வராம அங்க இருந்து என்ன செய்யப் போறேன்? மாட்டுக்கு யாரு தண்ணி வைப்பா? ஒன்ன யாரு பார்ப்பா?" என்று பேத்தியிடம் கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் மாட்டைப் பற்றியோ பேத்தியைப் பற்றியோ அந்தக் கோப்பில் ஒரு வரியும் இல்லை. தோழி அந்தப் பிரதிகளை வகுப்புக்குக் கொண்டுவந்தபோது நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அந்தப் பக்கத்துத் தாள்கள் மலைபோல் இருந்தன. இந்தப் பக்கத்துத் தாள்கள் எங்கே? வீடு தாத்தா பெயரில். தாத்தா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும் பட்டா மாற்றவில்லை. வீட்டு வரி ரசீது தாத்தா பெயரில். மின் இணைப்பும் அவர் பெயரில். வங்கிக் கணக்கு ஆச்சி பெயரில் உண்டு. ஆனால் ஆண்டு முழுவதும் அதில் சில நூறு ரூபாய்தான் இருந்திருக்கிறது. விண்ணப்பம் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன் மகள் அனுப்பிய பெருந்தொகை அதில் வந்து விழுந்திருக்கிறது. அதிகாரியின் இடத்தில் நாம் இருந்தால் என்ன நினைப்போம்? இந்த அம்மாளுக்கு இங்கே எதுவும் இல்லை, எல்லாம் அங்கேதான் என்றுதானே நினைப்போம்?

அறுபத்தாறு வயதுவரை உழைத்து, மூன்று பிள்ளைகளை வளர்த்து, வீட்டைக் கட்டிக் காத்த ஒருவர் தாள்களின் கணக்கில் இல்லாதவராக இருந்தார். அன்று மாலை நாங்கள் எங்கள் வீடுகளில் கேட்டுப் பார்த்தோம். வீட்டு வரி ரசீதோ நிலப் பத்திரமோ தாய் அல்லது பாட்டி பெயரில் இருந்த வீடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தன. ரேஷன் அட்டையில் மட்டும் நிலைமை நன்று. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டின் மூத்த பெண்ணையே குடும்பத் தலைவியாக வைக்கச் சொல்கிறது.

மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். அதற்கான வழி மறுப்புத் தாளிலேயே எழுதப்பட்டிருக்கும். அல்லது புதிதாக விண்ணப்பிக்கலாம். முன்பு மறுக்கப்பட்டார் என்ற ஒன்றையே காரணமாகக் காட்டி மீண்டும் மறுக்கக் கூடாது என்பது அவர்களது விதி. ஆனால் முந்திய மறுப்பை மறைக்கக் கூடாது. ஆச்சி இரண்டாவது வழியை எடுத்தார். அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. முதல் அழுகையைத் தொலைபேசியில்தான் கேட்டார்.

இம்முறை தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கினார்கள். அதற்கே பலமுறை நடக்க வேண்டியிருந்தது. பின்பு பட்டாவும் வீட்டு வரியும் ஆச்சி பெயருக்கு மாறின. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அவர் பதினோரு ஆண்டுகளாகப் பால் ஊற்றுகிறார். அந்தக் கணக்குப் புத்தகம் அவர் பெயரிலேயே இருந்தது. முதல்முறை அதை யாரும் ஒரு தாளாகவே மதிக்கவில்லை. சங்கச் செயலாளர் ஒரு கடிதமும் கொடுத்தார். எங்கள் பள்ளியிலிருந்து தலைமை ஆசிரியை அவர்கள், இம்மாணவி இப்பாட்டியின் பாதுகாப்பில் இருக்கிறாள், முன்னேற்ற அறிக்கையில் ஒவ்வொரு பருவமும் கையெழுத்திடுபவர் இவரே, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது இவர் இங்கு இருக்க வேண்டும் என்று எழுதித் தந்தார்கள். மகள் பணம் அனுப்பியது ஏன் என்பதற்கும் ஒரு விளக்கக் கடிதம் வைத்தார்கள்.

தமிழில் உள்ள தாள்களை அப்படியே கொடுக்க இயலாது, மொழிபெயர்ப்பு வேண்டும். ஆங்கிலப் பாடத்தில் நாங்கள் வாங்கும் மதிப்பெண் அன்று பயன்பட்டது. பால் கணக்கின் கலங்களை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தோம். அதை வைத்துக்கொண்டு முறைப்படி சான்றளிக்கும் மொழிபெயர்ப்பாளர் தம் பிரதியைத் தயாரித்துக் கையெழுத்திட்டார். பன்னிரண்டாம் நாள் விசா வந்தது. எந்தத் தாள் அதிகாரியின் மனத்தை மாற்றியது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லும் வழக்கமும் இல்லை. பால் கணக்குதான் என்பது எங்கள் கட்சி. பள்ளிக் கடிதம் என்று அருட்சகோதரி கருதுகிறார்கள்.

ஒட்டப்பட்ட விசாவைப் படிப்பது எப்படி

விசா என்பது கடவுச் சீட்டின் ஒரு பக்கத்தில் ஒட்டப்படும் வில்லை. அதில் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்பது ஒன்று. எத்தனை நாட்கள் தங்கலாம் என்பது மற்றொன்று. எத்தனை முறை நுழையலாம் என்பது மூன்றாவது. முதலிரண்டையும் ஒன்றாக எண்ணி இடர்ப்படுவோர் பலர். ஜூன் 1 முதல் ஜூலை 15 வரை செல்லும் என்றும், தங்கும் நாட்கள் 30 என்றும் இருந்தால் 45 நாளும் தங்கலாம் என்று பொருள் அன்று. அந்த 45 நாளுக்குள் ஏதேனும் 30 நாட்கள் தங்கலாம் என்றே பொருள். பயணம் தள்ளிப் போனால் உதவட்டும் என்று 15 நாட்கள் கூட்டித் தருகிறார்கள். சென்று சேரும் நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும்.

அடிக்கடி செல்வோர்க்கு மேலும் ஒரு கணக்கு உண்டு. எந்த நாளில் நின்று பின்னோக்கிப் பார்த்தாலும், கடந்த 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் உள்ளே இருந்திருக்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, மார்ச் 1 அன்று நுழைந்து மே 29 அன்று வெளியேறினால் சரியாக 90 நாட்கள் முடிந்தன. மீண்டும் எப்போது நுழையலாம்? மே 30 முதல் ஆகஸ்டு 27 வரை ஒரு நாளும் முடியாது. ஆகஸ்டு 28 அன்று நின்று பின்னோக்கி எண்ணினால் மார்ச் 1 கணக்கிலிருந்து விழுந்துவிடும். ஒரு நாள் கிடைக்கும். அடுத்த நாள் மற்றொன்று. நாட்காட்டியை வைத்துக்கொண்டு தோழியர் எண்ணிப் பார்க்கலாம். கணித ஆசிரியை இதைத் தேர்வில் கேட்காதிருப்பாராக!

முன்பெல்லாம் முத்திரையைப் பார்த்து அதிகாரி மனத்தால் எண்ணுவார். 2025 அக்டோபர் 12 அன்று ஷெங்கன் எல்லைகளில் புதிய முறை தொடங்கிற்று. முகத்தைப் படம் பிடித்து, நுழைந்த நாளையும் வெளியேறிய நாளையும் கணிப்பொறி பதிவு செய்கிறது. முத்திரையின் இடத்தை அது படிப்படியாக எடுத்துக்கொள்ளும் வகையில் வகுக்கப்பட்டது. ஒரு நாள் அதிகம் தங்கினாலும் கணிப்பொறிக்குத் தெரிந்துவிடும்.

வாசலில்

இனிப் பயண நாள். முதல் சோதனை நம் ஊர் விமான நிலையத்திலேயே, விமானக் கம்பெனியின் மேசையில் நடக்கும். சரியான தாள் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு கம்பெனியின் தலையில் விழும், அபராதமும் உண்டு. ஆகவே அவர்கள் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். அதன்பின் நம் நாட்டுக் குடியேற்ற அதிகாரி புறப்பாட்டு முத்திரை இடுவார்.

பெட்டியில் என்ன கொண்டுபோகலாம் என்பதும் நுழைவு விதிகளில் ஒன்றே. நம் தாய்மார் கேட்டு வருந்தும் பகுதி இது. இறைச்சி, பால், தயிர், நெய் எதுவும் கொண்டுபோகக் கூடாது. கால்நடை நோய் பரவும் என்ற அச்சமே காரணம். மாம்பழமும் கறிவேப்பிலைக் கொத்தும் பயிர் நலச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே போகா. ஆனால் தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் சான்றிதழ் வேண்டாம். கருவாட்டுக்குக் கூட 20 கிலோ வரை தடை இல்லை. பக்கத்தில் அமர்பவர் என்ன சொல்வார் என்பது வேறு கேள்வி. ஆச்சி பிள்ளை பெற்றவளுக்கென்று உருக்கி வைத்திருந்த நெய்யை வீட்டிலேயே வைத்துவிட்டு, கறிவேப்பிலையை வறுத்துப் பொடியாக்கி எடுத்துச் சென்றார். 10,000 யூரோவோ அதற்கு மேலோ பணமாகக் கொண்டுபோனால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அது நம்மில் எத்தனை பேருக்குத் தேவைப்படும் என்று தெரிந்ததே.

விமானம் இறங்கிய பின் எல்லை அதிகாரியின் முன் நிற்க வேண்டும். முன்பு கூறிய வாசல் இதுதான். விசா ஒட்டியிருந்தாலும் உள்ளே விடுவதும் விடாததும் இவர் முடிவு. எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள், பணம் உண்டா என்று கேட்கலாம். பலரிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் கேட்டால் காட்டுவதற்கு அழைப்புக் கடிதம், திரும்பும் விமானப் பதிவு, காப்பீடு இவற்றின் பிரதிகள் கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் வைத்து ஒப்படைத்துவிட்டால் அந்த வேளையில் எப்படி எடுப்பது? மொழி தெரியாதவர்கள், தாம் யார், யார் வீட்டுக்குப் போகிறோம், எந்த நாள் திரும்புகிறோம் என்பதை அந்நாட்டு மொழியில் ஒரு தாளில் எழுதி, அழைப்பவரின் தொலைபேசி எண்ணுடன் வைத்துக்கொள்வது நன்று. ஆச்சியின் சித்தி மகள் எழுதித் தந்த தாளை அதிகாரி படித்தார், ஆச்சியைப் பார்த்தார், விடும்படி கைகாட்டினார். அவ்வளவே.

ஆச்சி 42 நாட்கள் தங்கினார். அதுவரை எங்கள் தோழி பள்ளி விடுதியில் இருந்தாள். மாடுகளைப் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டனர்.

திரும்பி வந்தபின் செய்ய வேண்டியவையும் சில உண்டு. விமானத்தில் ஏறும்போது தந்த சீட்டின் துண்டை எறிந்துவிடாமல் வைத்திருக்க வேண்டும்; வெளியேறிய பதிவில் ஏதும் குழப்பம் வந்தால் அதுவே சாட்சி. ஒருமுறை கொடுத்த கைரேகை 59 மாதங்கள் வரை பயன்படும். அதற்குள் மீண்டும் விண்ணப்பித்தால் புதிதாகக் கொடுக்க வேண்டியதில்லை. கடவுச் சீட்டு காலாவதியாகிப் புதியது வாங்கினாலும் விசா ஒட்டிய பழையதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சொன்ன நாளில் சென்று, சொன்ன நாளில் திரும்பியவர் என்பதற்கு அடுத்த முறை காட்ட அதைவிடச் சிறந்த தாள் வேறில்லை. ஆச்சி தம்முடையதைப் பால் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்து ஒரே பையில் வைத்திருக்கிறார்.